காரம் ஏறிய எண்ணெய்

காலையில் டின்னைத் திறந்தபோது மணத்தில் குறை இல்லை. நிறம்தான் உறுத்தியது. நேற்று நான் பச்சை இஞ்சி எண்ணெயும் சுக்கெண்ணெயும் கலந்து மூடியது வெளிர்மஞ்சள். இது செம்மண் கலங்கிய மாதிரி இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். சுரீரென்று எரிந்தது.

இஞ்சியை ஆவியில் வடித்தால் மணம்தான் எண்ணெயோடு வரும். காரம் சக்கையிலேயே தங்கிவிடும். எண்ணெய் எரிகிறது என்றால் யாரோ காரம் முழுக்க இறங்கிய கறுத்த இஞ்சிப் பிசினை ஊற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. முதலாளியின் மருமகன் ஷானவாஸ்தான். கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

"நேத்து நக்கிப் பாத்தேன். ஒரு எரிவும் இல்ல. இஞ்சி எண்ணெய்னு சொல்லிட்டுப் பச்சத்தண்ணி கணக்கா இருந்தா எவன் எடுப்பான்?"

"கைக்குழந்தைங்க நெஞ்சுல தடவுற தைலத்துக்குப் போறது இக்கா. தோலு பொத்துப்போகும்."

"மிண்டாம வாய மூடிட்டு இரு, டிகிரிக்காரி. கல்யாணராமன் சார் மோந்துதான் பாப்பாரு. உங்கப்பன் மூட்டை எறக்குறது யாரு கிட்டங்கில? ஓர்மை இருக்கட்டும்."

இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வேதியியல் பட்டம் அப்பா சங்கிலிப்பாண்டியின் முதுகில் ஏறி வந்தது. போன வருடம் ஒரு டின் திரும்பி வந்தபோது கலந்தவள் என்று எனக்கு முன் இங்கே இருந்த ஹஸீபாவைத் துரத்தினார்கள். இது திரும்பி வருவதற்குள் எந்தக் குழந்தையின் நெஞ்சு வெந்திருக்குமோ. அப்போது கலந்தவள் நான்.

திருப்பூணித்துறையிலிருந்து தைலக் கம்பெனிக்காக வாங்க வந்த கல்யாணராமன், காகிதப் பட்டையை எண்ணெயில் தோய்த்து மூக்கருகே ஆட்டினார்.

"நன்னாருக்கே. நிறம்தான் இத்திரி கூடிப்போச்சோ?"

"புதுச் சுக்கு சாரே," என்று ஷானவாஸ் மூடியைக் கையில் எடுத்தான். "சீல் வெச்சிரட்டா?"

"சார், நாக்குல வெச்சுப் பாருங்க," என்றேன்.

"நான் மூக்கை நம்பறவனாக்கும், குட்டீ. எண்ணெயை எதுக்கு நக்கணும்?"

"அதனாலதான் சொல்றேன்."

ஷானவாஸ் சிரித்தான். "இவளுக்குக் காலைல சாயா கிட்டல சாரே."

நான் கண்ணாடிக் குச்சியை நீட்டியபடி நின்றேன். கீழே கிட்டங்கியில் அப்பா இறக்கும் மூட்டைகள் தொப்தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. சலிப்போடு வாங்கி நாக்கில் தொட்டவர், உடனே கைக்குட்டையைத் தேடினார்.

"யாராக்கும் கலந்தது?"

"இவதான்," என்றான் ஷானவாஸ்.

எதைக் கலந்தாலும் ஒரு சின்னக் குப்பி எடுத்துவைப்பது இங்கே வழக்கம். நேற்றைய குப்பியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான் கலந்தது இது. அது இவரு திருத்துனது."

அவர் அதையும் நாக்கில் தொட்டு வைத்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. டின்னையும் ஷானவாஸையும் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவ என் கண்ணு முன்னாடி புதுசாக் கலக்கட்டும். இல்லேன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

ஷானவாஸ் மூடியை எறிந்துவிட்டுப் படியிறங்கினான்.

பச்சை இஞ்சி எண்ணெயை ஊற்றினேன். எலுமிச்சைத் தோல் வாடை எழுந்தது. அதன்மேல் சுக்கெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக. வாடை கனத்து, அறுத்த மரம்போல இறங்கியது. கீழே, "எடோ சங்கிலிப்பாண்டி" என்று ஷானவாஸ் கூப்பிடுவது கேட்டது. மூட்டை விழும் சத்தம் நின்றுபோனது.

"நிறுத்தறியா?" என்றார் கல்யாணராமன்.

நான் குச்சியால் கலக்கி அவரிடம் நீட்டினேன்.

"மொதல்ல நாக்குல வைங்க சார்," என்றேன். கீழே வரைக்கும் கேட்டிருக்கும்.