அந்த மூலைக்குத் தண்ணீர் வேண்டாம்

அப்பாவின் சவப்பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் அவரவர் இடம் தானாக அமைந்துவிட்டது. தலைமாட்டில் அம்மா கமலவேணி, சுவரில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அப்பாவின் தங்கை குஞ்சம்மா. கால்மாட்டில் பக்கத்து வீட்டு மீனம்மா. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதை அவளே ஏற்றுக்கொண்டிருந்தாள். ஆண்கள் வெளியே கொட்டகையில். அப்பாவோடு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அங்கும் ஒரே வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் நாற்காலியில் இருந்தவள் மகள் ஷாந்தினி மட்டும், அதுவும் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கணினி மேசை அந்தச் சுவரோரம் இருந்தது. மறுநாள் பத்திரிகையில் மரண அறிவிப்பு வர வேண்டுமானால் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். அப்பாவின் படம் கணினிக்குள் இருந்தது.

படம் திறக்கவில்லை. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“இவ்வளவு நேரம் இரைஞ்சிக்கிட்டு இருந்திச்சே, நீ தொட்டதும் நின்னுருச்சு,” என்றாள் குஞ்சம்மா. “ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப்போச்சா?”

“அது உங்க அண்ணன் போட்டு வச்சதுதான் அத்தை,” என்றாள் ஷாந்தினி, திரும்பாமல்.

வேலை ஓய்ந்த பிறகு அப்பா கணேஸ்வரன் போட்டு வைத்த மென்பொருள் அது. வீட்டுக் கணினி சும்மா கிடக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுப்பது. எங்கோ ஒரு பல்கலைக்கழகம் இணையம் வழியாகக் கணக்கை அனுப்பும். புக்கிட் ரம்பாயில் இந்த வீட்டுக் கூடத்தில் அது போடப்பட்டு, முடிந்ததும் திரும்பிப் போகும். கூலி கிடையாது. மலேரியாவுக்கு மருந்து தேடுகிறார்களாம். உங்கள் கிட்னிக்கு ஏதாவது தேடுகிறார்களா என்று ஷாந்தினி ஒருமுறை கேட்டாள். அது வேறு டிப்பார்ட்மெண்ட் என்றார்.

அவளுக்கு அந்தக் கணினிதான் பிழைப்பு. ஜாசினில் உள்ள சில கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறாள். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய், காத்திருந்து, கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு உட்காரும்போது இந்த வட்டம் சுற்றும். அன்றைக்கெல்லாம் சண்டை. ஊரான் கணக்கைப் போட்டுப் போட்டு என் கணக்கை நிறுத்துகிறீர்களே என்பாள். அது உன்னைத் தொந்தரவு பண்ணாது என்பார் அவர். அதற்குமேல் விளக்க அவருக்கும் தெம்பில்லை, கேட்க அவளுக்கும் பொறுமையில்லை.

தம்பி ஷங்கர் பின்னால் வந்து நின்றான். ஜொகூரிலிருந்து விடியும்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

“எந்திரி அக்கா, நான் பாக்குறேன். இதத்தானே போன்ல சொல்லிச் சொல்லிப் பொலம்புவ? தூக்கிடுறேன், விடு.”

அவள் எழுந்து நின்றாள். அவன் இரண்டு மூன்று சன்னல்களைத் திறந்து பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இது ஓடவே இல்லலா. யாராவது மவுஸத் தொட்டா உடனே நிக்கிற மாதிரி அப்பா செட் பண்ணி வச்சிருக்காரு. கைய எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனாத்தான் திரும்ப ஓடும்.”

“அப்ப ஏன் இப்படி ஸ்லோவா இருக்கு?”

“டிஸ்க் ஃபுல்லு. எல்லாம் நீ ஸ்கேன் பண்ணின பில்லுங்க.”

அவன் அவற்றில் பாதியைத் தன் பென்டிரைவுக்கு மாற்றினான். படம் திறந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. அப்பா சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பும் படமும் போய்ச் சேர்ந்தன.

“அந்த ப்ரோக்ராம? தூக்கிடவா?”

“வேணாம்.”

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாப்ட்டு வாயேம்மா என்று அப்பா ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வார். கொஞ்சம் படுத்து எந்திரி. கண்ணு கெட்டுப்போயிரும், வெளிய போய் நில்லு. அவள் எழுந்து போவாள். திரும்பி வந்தால் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருக்கும், அவர் எதிர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சாப்பிடச் சொன்னது அவளுக்காகவா, அந்தக் கணக்குக்காகவா? கேட்டிருந்தால் இரண்டுக்கும்தான் என்று ஒரு பதில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

சற்று நேரத்தில் மேசைக்கடியில் மறுபடி இரைச்சல் கேட்டது. 

வெயில் சாய்வதற்குள் தூக்கிவிட்டார்கள். வண்டி முனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே வந்ததும் மீனம்மா சேலையைச் செருகிக்கொண்டு மஞ்சள் கரைத்த தண்ணீர் வாளியோடு வந்தாள். சுடலைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் வீடு கழுவியாக வேண்டும்.

“அந்த சுவிட்ச அடைச்சிரு ஷாந்தினி. கம்ப்யூட்டர் பெட்டி தரையில இருக்கு.”

ஷாந்தினி திரையைப் பார்த்தாள். கணக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோட்டில் ஒரு நகத்தளவு பாக்கி இருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று வந்த கணக்கு. திருப்பி அனுப்ப வேண்டிய தவணை இன்றோடு முடிகிறது. இந்த மாதிரிக் கணக்கை நடுவில் அணைத்தால் முதலிலிருந்து போட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து போகாவிட்டால் வேறு ஏதோ ஊரில் வேறு யாரோ போடுவார்கள். உலகம் நிற்காது.

“அந்த மூலைக்குத் தண்ணி வேணாம் அக்கா,” என்றாள் மீனம்மாவிடம்.

“அப்படி விடக்கூடாதும்மா. மூலையெல்லாம் நனையணும்.”

“எங்கண்ணன் போன வீட்ட அரகொறையாவா கழுவுவீங்க?” என்றாள் குஞ்சம்மா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

 காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா எழுந்து வந்தாள்.

“தூக்கு. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

ஷாந்தினி வயர்ப் பலகையை மேசைக் காலில் உயரக் கட்டினாள். மவுஸில் கை படக்கூடாதும்மா, பட்டால் நின்றுவிடும் என்றாள். அம்மா முந்தானையை ஒதுக்கிக்கொண்டாள். இருவரும் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை முழங்காலளவுக்குத் தூக்கினார்கள். மேசைமேல் வைக்க வயர் எட்டவில்லை; நாற்காலியைக் கழுவுவதற்காக வெளியே போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் வந்தது. மீனம்மா துடைப்பத்தை அவர்கள் கால்களுக்கிடையில் விட்டு மூலைவரை தேய்த்தாள்.

“சுடுதே,” என்றாள் அம்மா.

“ஓடுதுல்ல.”

“எதுக்கு இது?”

“யாருக்கோ மலேரியாவாம்.”

“ம்.”

அம்மா பிடியை மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் இறக்கட்டுமா என்று ஷாந்தினி கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். பச்சைக் கோடு நிறைந்தது. கணக்கைக் கட்டி மூடுவதாக ஒரு வரி வந்தது. பிறகு அனுப்புவதாக ஒரு வரி. பிறகு சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வந்து, அதுவும் மறைந்தது.

“போயிருச்சும்மா.”

இறக்கி வைக்கத் தரையில் காய்ந்த இடம் இல்லை. இருவரும் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார்கள். மீனம்மா கடைசி வாளித் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.