கைமாற்று ஆள்

கார்தோசோ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ரூரெனபாக்கே விமான நிலையத்தில் நின்றிருந்தேன். நிலையமாவது ஒன்றாவது! ஒரு கூடம், ஒரு தராசு, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை, அவ்வளவுதான். மழையால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். இன்னும் தாமதமாகட்டும், வந்த வழியே லா பாஸுக்குத் திரும்பிப் போகட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அட்டையில் இரண்டு பெயர்கள். எலாதியோ கார்தோசோ, நெலிதா கார்தோசோ. தாரிஹாவிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து எங்கள் காட்டுப் படகுச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். மகள் பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைத் தாள் திருத்தி முடியவில்லை என்று அவள் தங்கிவிட, அப்பா மட்டும் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். இன்று வியாழன். முதல் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒரே ஒரு ஆளுக்காகப் படகை எடுத்தால் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. அந்த ஆளை இன்னொருத்தர் படகில் ஏற்றிவிடுவோம், நாளைக்கு அவர்கள் ஆளை நாங்கள் ஏற்றிக்கொள்வோம். கைமாற்று ஆள் என்போம். பயணிகள் பட்டியலைப் படகுத்துறையில் காலையிலேயே கொடுத்தாகிவிடும். கைமாற்று ஆளுக்காக மறுபடி எவன் போய் வரிசையில் நிற்பது? எழுத மாட்டோம். இருபது வருஷமாக நானும் எழுதியதில்லை.

செவ்வாயன்று அந்தப் பெரியவரை இன்னொரு படகுக்காரன் தெல்ஃபினின் படகில் ஏற்றிவிட்டது நான்தான். அதில் ஏற்கெனவே வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆறு பேர். ஆற்றில் மிதந்து வந்த மரம் மோதிப் படகு கவிழ்ந்தது. பின்னால் வந்த இரண்டு படகுகள் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தன. பெரியவர் அந்தப் படகில் இருப்பார் என்று இவர்கள் நினைக்க, இதில் இருப்பார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். துறையில் பட்டியலை வைத்து எண்ணினார்கள். ஆறு. எல்லோரும் கைதட்டினார்கள். பாவி, நானும் தட்டினேன். தெல்ஃபின் வந்து என் சட்டையைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அந்தப் பெரியவர் எங்கடா?"

முதலாளியம்மா தோனா ஸுல்மாவிடம் ஓடினேன்.

"பட்டியல்ல ஆறு, வந்தது ஆறு," என்றாள். "ஏழுன்னு வாயத் தொறந்தா தெல்ஃபின் லைசென்ஸும் போச்சு, என் பொழப்பும் போச்சு, உன் வேலையும் போச்சு. இந்த வெள்ளத்துல கெழவர் பொழச்சிருப்பாராக்கும்? ஆத்துத் தண்ணியே கொண்டுவந்து போடும். பேசாம கெட."

பேசாமல் கிடந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகள் வந்து பெரியவர் எங்கே என்று கேட்டபோது, ஓட்டலில் தூங்குகிறார் என்று கன்னத்தில் கை வைத்துச் சைகை காட்டினேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

நேற்று மத்தியானம் ஒரு மீன்காரர் அவரைக் கீழாற்று மணல்திட்டில் பார்த்தார். கால் முறிந்திருந்தது. யார் கண்ணிலாவது படட்டும் என்று சட்டையைக் கழற்றி ஒரு குச்சியில் கட்டி நட்டு வைத்திருந்தார். உயிர் போனது புதன் விடியற்காலையில் என்றார் டாக்டர். ஒரு ராத்திரி முழுக்க அந்த மனுஷன் எங்களுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்.

"தனியாக் குளிக்கப் போயி வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லு," என்று ஸுல்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

விமானம் இறங்கியது. தோளில் பையும் கையில் பொட்டலமுமாக ஒருத்தி அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தோன் நெமேசியோதானே? மூஞ்சி கடுகடுன்னு இருக்கும், மனசு தங்கம்னு அப்பா சொன்னார். பாத்ததுமே தெரிஞ்சுது!"

"எப்ப சொன்னார்?"

"செவ்வாக்கெழம, படகு ஏறுறதுக்கு முன்னாடி. தனியாப் போனா போரடிக்கும்னு சின்னப் பசங்களோட ஏத்திவிட்டீங்களாமே! அதுக்கப்புறம் லைனே கெடைக்கல. காட்டுக்குள்ள டவர் இருக்காதோ?" பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "எங்க ஊரு ரொஸ்கேத்தே பலகாரம். சர்க்கரை பூசினது. உங்களுக்குத் தரணும், மறக்காம வாங்கிட்டு வான்னார். எங்க அப்பா? வண்டியிலயா?"

போரடிக்கும் என்று நான் சொன்னது பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான். அதைப் போய் அந்த மனுஷன் மகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

வழுக்கி விழுந்தார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். அங்கேயே நின்று நடந்தது அத்தனையும் சொன்னேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கூடத்தில் எல்லோரும் போய்விட்டார்கள்.

"தேடினீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஏன்?"

"பட்டியல்ல அவர் பேரு இல்ல. அவரக் காணோம்னு தெரிஞ்சது மூணே பேருக்கு. மூணு பேரும் வாயத் தொறக்கல."

"அதுல நீங்க ஒருத்தர்."

"ஆமாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் என் கையிலிருந்த அட்டையை வாங்கி, அப்பா பெயரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுலயாவது எழுதினீங்களே," என்றாள். பிறகு, "போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டிய எடுங்க. இப்ப சொன்னத அங்கயும் சொல்லணும்."

"சொல்றேம்மா. ஏறுங்க."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. பொட்டலத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. வண்டி ஓட்ட அதைக் கையிலிருந்து இறக்கியாக வேண்டும். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.