எதிர்க்கடையின் முதல் யாவாரம்

கல்பிட்டி வீதியில், பாலாவிச் சந்தியிலிருந்து சற்று உள்ளே வந்தால் என் தையல் சாமான் கடை. நூல், பொத்தான், லேஸ், ஸிப் என்று விற்றுக்கொண்டு இத்தனை வருடமாக அசையாமல் நிற்கிறேன். எனக்கு எதிரே ஓர் அறை இருக்கிறது. அதில் பெயர்ப்பலகை மாறுகிற வேகத்தில் வேறெங்கும் மாறி நான் பார்த்ததில்லை. முதலில் போன் கடை, பிறகு பேக்கரி, அதற்குப் பிறகு செருப்புக்கடை. ஒவ்வொன்றும் சோடனை லைட்டோடு திறந்தது. மூடும்போது மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் வீதியில் ஒரு பழக்கம் உண்டு. புதுக்கடை திறந்தால், யாசீன் ஓதி துஆக் கேட்ட பிறகு கைராசியான ஒருவர் முதல் யாவாரத்தைச் செய்ய வேண்டும். அதற்கு முன் யார் வந்து கேட்டாலும் ஓர் ஊசிகூட விற்கமாட்டார்கள். சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று மௌலவி குத்பாவில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு வெளியே வந்து, யாருடைய கை நல்லது என்று விசாரிப்பார்கள். நின்று பிடித்த கடைக்காரி என்பதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன் கடையில் ஓர் உறை வாங்கினேன். பேக்கரியில் ஒரு கிம்புலா பணிஸ். செருப்புக்கடையில் வாங்கிய சோடி இன்னும் தேயவில்லை, கடைதான் தேய்ந்துபோனது.

போன் கடைக்காரர் கட்டாருக்குப் போனார். மா விலை ஏறிய காலத்தில் பேக்கரி படுத்தது. செருப்புக்கடையில் பங்காளிகள் சண்டை பிடித்தார்கள். இதில் என் கை எங்கே வந்தது? ஆனால் பக்கத்து அரிசிக்கடை இஸ்ஹாக், "சுலைஹா ராத்தாட கை பட்டா ஷட்டர் தானா இறங்கும்" என்று ஒரு நாள் பகிடி விட்டார். வீதி முழுக்க அது பரவியது. நாளாவட்டத்தில் கல்யாணச் சட்டைக்கு லேஸ் வாங்குகிறவர்கள் என் வாசலைத் தாண்டிப் புத்தளத்துக்கே போகத் தொடங்கினார்கள். நல்ல காரியத்துக்கு என் கை தொட்ட லேஸ் வேண்டாமாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சி ஹஃபீலா பிள்ளைகள் சட்டைக்கடை போட அதே அறையை எடுத்தாள். வீட்டில் மெஷின் போட்டு எத்தாளை ஊர் வரைக்கும் பிள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தவள். அவள் புருஷன் ஜவ்பர் சவூதியில் சாரதியாக இருந்து கொண்டுவந்ததெல்லாம் அந்த அறைக்குள் போனது. கடை நிற்காவிட்டால் அவர் திரும்பவும் விமானம் ஏற வேண்டும். மூத்தவள் றுஷ்னா வாப்பாவை போன் திரையில் பார்த்தே வளர்ந்தவள். சின்னவன் அஃப்ராஸ், அவர் வந்து இறங்கிய அன்று அவரைக் கண்டு பயந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இப்போதுதான் அவர் மடியில் ஏறி உட்காரப் பழகியிருக்கிறான்.

"துஆவுக்கு வாங்க ராத்தா" என்று ஹஃபீலா வந்து சொன்னாள். முதல் யாவாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குக் கைராசிக்காரர் என்று பேரெடுத்த மீராசாஹிப் ஹாஜியாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை இஸ்ஹாக் சொல்லித்தான் அறிந்தேன். கூடப்பிறந்தவளே என் கைக்குப் பயப்படுகிறாளே என்று நெஞ்சு எரிந்தது. துஆவுக்கு நான் போகவில்லை. கதிரையைக் கடை வாசலில் போட்டுக்கொண்டு, எதையும் பார்க்காதவள் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துஆ முடிந்தது. ஓத வந்தவர்கள் பேரீச்சம்பழமும் பற்றீஸும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஹாஜியாரைக் காணவில்லை. பெண்கள் பிள்ளைகளோடு வரத் தொடங்கினார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டுகிற காலம். ஜவ்பர் வாசலில் நின்று, "கொஞ்சம் நில்லுங்க, ஹாஜியார் வந்திடுவார். முதல் யாவாரம் ஆகட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்களும் நின்றார்கள். வெயில் ஏறியது. ஒரு பிள்ளை சிணுங்கியது, இன்னொன்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டது. ஜவ்பர் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

அப்போது ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வந்தது. சந்தியில் புதிய சுப்பர் மார்க்கட் இன்று திறக்கிறதாம், முதலில் வருகிறவர்களுக்குப் பரிசாம். வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் மெதுவாக நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

சந்தியிலிருந்து வந்த இஸ்ஹாக் தன் கடையில் நின்றே சத்தமாகச் சொன்னார்: "ஜவ்பர், ஹாஜியார இனி எதிர்பார்க்காதங்க. அங்க முன்வரிசையில இருத்தி வச்சீக்காங்க. ரிப்பன் வெட்டுறதே அவர்தான்."

ஜவ்பர் படியில் அப்படியே உட்கார்ந்தார். உள்ளே ஹஃபீலா, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த சட்டைகளை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். திறந்த நாளிலேயே ஒரு கடை சாவதை அன்றுதான் பார்த்தேன். இப்போது நான் போனால், நாளை இந்தக் கடைக்கு எது நடந்தாலும் அது என் கையால் நடந்தது என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். போகாவிட்டால் நாளை என்ற ஒன்றே இந்தக் கடைக்கு இல்லை.

மாம்புரியிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து சந்தியில் விற்கிற யூஜினி என்னிடம் வந்தாள். "தங்கச்சி, பேத்திக்கு சேர்ச்சில முதல் நன்மை வருது. அந்தக் கண்ணாடிக்குள்ள தொங்குற வெள்ளைச் சட்டையக் கேட்டா விக்க மாட்டாங்களாம். அப்ப என்னத்துக்குக் கடை திறந்தவங்க? எனக்கு பஸ் போயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஹாஜியார் மேலா, இஸ்ஹாக் மேலா, ஹஃபீலா மேலா என்று கேட்டால் எல்லோர் மேலும்தான். "இங்கயே நில்லுங்க யூஜினி அக்கா" என்று சொல்லிவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினேன். வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுலைஹா ராத்தா, நீங்களா போறீங்க?" என்றார் இஸ்ஹாக்.

"ஓம், நான்தான். நல்லாப் பாத்துக்கொள்ளுங்க, பிறகு கதைக்க உதவும்."

ஜவ்பர் எழுந்து ஒதுங்கினார். ஆனால் ஹஃபீலா ஓடி வந்து வாசலின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி என்னை மறித்தாள்.

"வேணாம் ராத்தா. நீங்க வாங்க வேணாம்."

"ஊர் சொல்றத நீயும் நம்புறியா?"

"நான் எனத்துக்கு நம்புறன்?" அவள் கண் கலங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "இந்த அறையில ஒண்டும் நிண்டதில்ல. என்ட கடையும் மூடுபட்டா உங்கட பேரத்தான் செல்லுவாங்க. லேஸ் வாங்க வாரவங்க இப்பவே குறைஞ்சிட்டாங்க, எனக்குத் தெரியாதா? அதுக்குப் பொறகு உங்கட கடைக்கு ஆர் வருவா? அதுக்குத்தான் ராத்தா ஹாஜியார்க்கிட்ட போனது."

இத்தனை நாளாக அவளை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டியிருந்தேன். அவளோ என் கடையைக் காக்கத் தன் கடை வாசலில் என்னை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கைய எடு" என்றேன்.

"ராத்தா..."

"மூடுபட்டாத்தானே பேச்சு. நீ மூடாம இரி. கைய எடு."

எடுத்தாள். உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்ததில் ஒரு நீலக் கோட்டுச் சேர்ட்டை இறக்கினேன். வாசலில் மிச்சமாக நின்ற பெண்களுக்கும், அரிசிக்கடை வரைக்கும் கேட்கும்படி கேட்டேன்: "இது அஃப்ராஸுக்கு அளவா?"

"ஓம், அளவுதான்" என்றாள்.

"அப்ப இதக் கட்டித் தாங்க, ஜவ்பர். பெருநாளைக்கு இத அவனுக்கு நீங்கதான் உடுத்திவிடணும். உங்கட கையால."

ஜவ்பர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் காசை வாங்கினார். பை திறக்க மறுத்தது. ஹஃபீலா அதை வாங்கித் திறந்து, சேர்ட்டை உள்ளே வைத்தாள். அதற்குள் வாசலில் நின்ற பெண்கள் உள்ளே ஏறிவிட்டார்கள். என் கடையில் நின்ற யூஜினியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவள் வந்த வேகத்தில் வெள்ளைச் சட்டையைத் தானே இறக்கிக்கொண்டாள்.

"ராத்தா, நிண்டாலும் விழுந்தாலும் இனி ரெண்டு கடையும் ஒண்டாத்தான்" என்று ஹஃபீலா என் காதுக்குள் சொன்னாள்.

நான் வெளியே வந்து படியில் நின்றேன். சந்திப் பக்கம் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. எதிரே என் கடை ஆளில்லாமல் திறந்து கிடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. இஸ்ஹாக் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் சேர்ட் இருந்த பையை முந்தானைக்குள் மறைக்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தேன்.