ஐயோ மணி

ரிப்பேர் மிஸ்ஸுக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது. கம்ப்யூட்டர்தான் ஆகும். கம்ப்யூட்டர் மூக்கைச் சிந்தாது, பாதிப் பாடத்தில் ஒன்றுக்கு வருகிறது என்று விரலைத் தூக்காது, பழுதானாலும் வாயை மூடிக்கொண்டு பழுதாகும். அந்தப் பள்ளியின் கீழ்த்தளத்து மூலை அறையில் ஆறு வருடமாக ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவள் நிம்மதியாக இருந்தாள். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம்.

அது நிரந்தரமாகாததற்கு அவள் ஃபைலில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம். இரண்டு வருடத்துக்கு முன் தலைமையாசிரியையின் அறைக் கம்ப்யூட்டர் திடீரென்று உயிரை விட்டது. முந்தின நாள்தான் ரிப்பேர் மிஸ் அதைத் திறந்து தூசி தட்டியிருந்தாள். ‘அஜாக்கிரதை’ என்று எழுதிவிட்டார்கள். உள்ளே ஈரம் இருக்கிறது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள்.

“ஈரமா? என் ரூமுக்குள்ள மழையா பெஞ்சுது?” என்றார் தலைமையாசிரியை. அத்தோடு விசாரணை முடிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் ஒன்றாம் வகுப்புக்கு இருபத்து நாலு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டே வாரத்தில் நாலைக் காணவில்லை. தலைமையாசிரியை ரிப்பேர் மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இனிமே ஒண்ணாம் கிளாஸுக்கு தினம் ஒரு பீரியட் நீங்கதான். டேப்லெட்டை எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லிக்கொடுங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கொடுத்தவங்க பாக்க வர்றாங்க. இருபத்து நாலும் உயிரோட இருந்தா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்.”

“ஒண்ணு போச்சுன்னா?”

“ஃபைல்ல ரெண்டாவது வரி.”

முதல் நாள் அவள் ஒரு பட்டியலோடு போனாள். ரெண்டு கையால பிடிக்கணும். பக்கத்துல தண்ணி, டீ, தின்பண்டம் எதுவும் கூடாது. ஒயரை இழுக்கக் கூடாது, பிளக்கைப் பிடிச்சு எடுக்கணும். திரையை உலர்ந்த துணியால துடைக்கணும். குழந்தைகள் சாதுவாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் முதல் பெஞ்சுப் பையன் துணி இல்லாத குறைக்குத் திரையை நக்கிச் சுத்தம் செய்தான்.

காணாமல் போன நாலையும் தேடிப் பிடிக்க மூன்று நாளாயிற்று. ஒன்று பொம்மைக் கட்டிலில் போர்வைக்கு அடியில் கிடந்தது. இரண்டு, செருப்பு அலமாரிக்குப் பின்னால். நாலாவது தோட்டத்தில் மண்ணுக்குள். மேலே ஒரு பூ வேறு வைத்திருந்தது.

புதைத்தவள் பட்டாணி. ஆறு வயது, பெயருக்கு ஏற்ற உருவம், உருவத்துக்கு ஏற்காத வாய்.

“ஏன்டி புதைச்சே?”

“செத்துப்போச்சு மிஸ். கீழ விழுந்துச்சு. அப்புறம் கண்ணே தொறக்கல.”

“யார்கிட்டயாவது சொல்லலாம்ல?”

“சொன்னா திட்டுவாங்க.”

ரிப்பேர் மிஸ் அதைத் துடைத்து சார்ஜில் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் திரை பளிச்சென்று எரிந்தது. மூலையில் மீசை மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான் சேதம். உயிரோடு இருந்ததைப் புதைத்துவிட்டோமே என்று பட்டாணி அழுத அழுகையில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து, ஒன்பது என்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்த டேப்லெட் பட்டாணியுடையது. தினமும் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள்.

டேப்லெட் விழுவதால் அல்ல, ஒளித்து வைப்பதால்தான் சாகிறது என்று ரிப்பேர் மிஸ்ஸுக்கு அப்போது உறைத்தது. கடைகளில் மேஜை மேல் வைத்துத் தட்டுவார்களே, அந்த மணி ஒன்றைக் கொண்டு வந்து வகுப்பில் வைத்தாள். யார் கையிலிருந்து விழுந்தாலும், யார் எதைக் கொட்டினாலும், நேராகப் போய் மணியைத் தட்டி நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லாரும் கைதட்ட வேண்டும். ரிப்பேர் மிஸ் முதலில் ‘உனக்கு அடி பட்டுச்சா?’ என்று கேட்பாள். பிறகு ‘எப்படி நடந்துச்சு?’ கடைசியில் ‘சரி, பாத்துக்கலாம்.’ திட்டு கிடையாது. ‘சொன்னால் திட்டக் கூடாது’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியும் ஒட்டினாள். குழந்தைகள் அந்த மணிக்கு ‘ஐயோ மணி’ என்று பெயர் வைத்தார்கள்.

மூன்று வாரத்தில் மணி முப்பத்தோரு தடவை அடித்தது. அந்தச் சத்தம் கேட்டாலே தலைமையாசிரியை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் இருபத்து நாலும் நலமாக இருந்தன. நடுவில் குழந்தைகளையும் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது ரிப்பேர் மிஸ்ஸுக்கு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் அவள் வகுப்பறைக்கு வந்து இருபத்து நாலையும் எண்ணினாள். எண்ணும்போது கையில் இருந்த டீயை எங்கே வைத்தாள் என்று நினைக்கிறீர்கள்? சார்ஜ் போடும் ரேக்கின் தலையில். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மகராசி! முழங்கை பட்டது, டம்ளர் சாய்ந்தது, ஒன்பதாம் நம்பர் டீ குடித்துக் கண்ணை மூடியது.

மணி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஃபைலில் விழப்போகும் ரெண்டாவது வரியையும் மனக்கண்ணில் பார்த்தாள். பிறகு மூலை அறைக்கு ஓடிப்போய், அதே மாதிரி ஒரு பழைய டேப்லெட்டைப் பரணிலிருந்து எடுத்து, ஒன்பது என்ற ஸ்டிக்கரை உரித்து அதில் ஒட்டினாள். செத்ததை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். பூ ஒன்றுதான் குறை.

பத்து மணிக்கு அறக்கட்டளையிலிருந்து கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் வந்தார். தலைமையாசிரியை வாயெல்லாம் பல்லாக அவரை உட்கார வைத்தார். டேப்லெட்டுகளைக் கொடுத்தார்கள். பட்டாணி தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மிஸ், இது என் ஒன்பது இல்ல. மீசையைக் காணோம்.”

“அதேதான். பேசாம உக்காரு.”

பட்டாணி டேப்லெட்டைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் பொய் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் தப்பு வேறு யாருடையதாக இருக்கும்? எழுந்து போனாள், எட்டி மணியைத் தட்டினாள்.

“என் ஒன்பதை நான் தொலைச்சுட்டேன்.” உதடு பிதுங்கியது. “எப்படின்னு தெரியல.”

வகுப்பு கைதட்டியது. பிறகு இருபத்து நாலு தலையும் ரிப்பேர் மிஸ் பக்கம் திரும்பின, அவள் கேட்க வேண்டிய கேள்விக்காக. செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக நிற்கிறாள். இப்போது ஒரு பொடிசை அங்கே நிற்க வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

போய் மணியைத் தட்டினாள்.

“பட்டாணி தொலைக்கல. நான்தான் அதும்மேல டீயைக் கொட்டினேன். கொட்டிட்டு ஒளிச்சும் வெச்சேன்.”

“டீயா!” என்று முதல் பெஞ்சு வாயில் கை வைத்தது. திரையை நக்கிய பையனுக்கே அதிர்ச்சி. ஆனாலும் கைதட்டினார்கள்.

“உங்களுக்கு அடி பட்டுச்சா?” என்றாள் பட்டாணி, மூக்கை உறிஞ்சியபடி.

“இல்லடா.”

“எப்படி நடந்துச்சு?”

“ரேக் மேல வெச்சேன்.”

பட்டாணி நெடுமூச்சு விட்டாள். “சரி, பாத்துக்கலாம்.”

கண்ணாடி அம்மாள் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை எழுந்து மணியை நோக்கி நடந்தார். முடிந்தது, மணியும் போயிற்று, வேலையும் போயிற்று என்று நினைத்தாள் ரிப்பேர் மிஸ். ஆனால் அவர் மணியை எடுக்கவில்லை. ஒரு விரலால் தட்டினார்.

“என் ரூம் கம்ப்யூட்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி.” கண்ணாடி அம்மாள் பக்கம் திரும்பாமலே சொன்னார். “பூ ஜாடித் தண்ணி. நான்தான் கொட்டினேன்.”

பெரிய கம்ப்யூட்டர் என்பதால் குழந்தைகள் பலமாகக் கைதட்டினார்கள்.

ரிப்பேர் மிஸ்ஸின் தொண்டையில் இரண்டு வருட வசவு வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றும் தீட்டித் தீட்டி வைத்தது. வாயைத் திறந்தாள். எதிர்ச் சுவரில் அவள் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், அந்தச் சட்டம் ஒட்டியிருந்தது.

பட்டாணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “மிஸ், நீங்கதான் கேக்கணும்.”

“உங்களுக்கு அடி பட்டுச்சா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் ரிப்பேர் மிஸ்.

“இல்ல” என்றார் தலைமையாசிரியை, தரையைப் பார்த்தபடி.

“எனக்குப் பட்டுச்சு.”

தலைமையாசிரியை நிமிர்ந்தார். “தெரியும். அந்த வரியை இன்னிக்கே அடிச்சுடறேன். இவங்க முன்னாடியே சொல்றேன், வேலைக்கும் எழுதறேன்.”

பட்டாணி மறுபடி கையை இழுத்தாள்.

“மிஸ், கடைசி ஒண்ணு பாக்கி இருக்கு.”

“சரி” என்றாள் ரிப்பேர் மிஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்துக்கலாம்.”