கறுப்புத் துணிக்குத் தடை

குறுவை நெல் முளைத்துவிட்டது. வயலில் அல்ல, தார்ச்சாலை ஓரத்தில். கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்து வைத்திருந்த நெல்லை, ஆளுங்கட்சித் தலைவர் பிறந்தநாள் கபடிப் போட்டிக்கு இடம் வேண்டும் என்று வாரி ரோட்டோரம் தள்ளிவிட்டார்கள். அதன்மேல் விடாத மழை. முளைக்காமல் என்ன செய்யும், பாவம்!

அந்தக் குவியலில் செம்மொழி வீட்டு நெல்லும் இருந்தது. குத்தகை நிலத்தில் அவள் அம்மா அம்சம் முதுகொடிய விளைவித்தது. இருந்தாலும் இன்றைக்கு அதை நினைக்கவே கூடாது என்று வலங்கைமான் பெண்கள் கபடி அணியில் செம்மொழி மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பிடிவாதம் இருந்து என்ன, உடம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை. முழங்கால் பட்டையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பந்தலின் முதல் வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்தவர். அவர் மனசு வைத்தால் செம்மொழிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

அணித் தோழி ஷோபனா வந்து அவள் கையில் ஒரு கறுப்பு ரிப்பனைத் திணித்தாள்.

“கட்டிக்கடி. ஏழு பேரும் கட்டிக்கிட்டுத்தான் எறங்குறோம். நெல்லை எடுக்காம பொறந்தநாளு கொண்டாடுறாங்களே, அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டணும்.”

“ஆட வந்தா ஆடணும் ஷோபனா. நாளைக்கு ரோட்டுல மறியல் பண்ணு, நானும் வந்து உக்கார்றேன்.”

“நாளைக்கு எவன் பார்ப்பான்? இன்னிக்குத்தான் டிவிக்காரன் வந்திருக்கான்.”

“ஒனக்கென்னடி, ஒங்க அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புவான். எனக்கு இந்த ஒரு வேலைதான்.”

சொன்ன பிறகுதான் செம்மொழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஷோபனாவின் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டு ரிப்பன்களைப் பார்த்துவிட்டார்.

“கறுப்புத் துணிக்கெல்லாம் தடை, குடுத்துடுங்க. நெல்லு வெவசாயி பிரச்சினை. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது?”

“அது எங்க நெல்லுதாங்க!” என்றாள் ஷோபனா. ஏட்டு காதிலேயே வாங்கவில்லை. எல்லா ரிப்பனையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்பாடா என்று செம்மொழிக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

இறுதி ஆட்டம் கும்பகோணம் அணியோடு. ஷோபனா சும்மா இருப்பவளா? முதல் ரெய்டிலேயே “கபடி கபடி” என்று பாட வேண்டியவள், “நெல்லை எடு, நெல்லை எடு” என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர் விசிலடித்து எதிரணிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தார். அடுத்த முறையும் அதே பாட்டு, அதே விசில்.

“பைத்தியமாடி ஒனக்கு? தோத்துருவோம்டி!”

“தோக்கட்டும்!”

மூன்றாவது முறை நடுவர் அவளை வெளியே அனுப்பிவிட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ரோட்டோரம் நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள் எல்லாம் களத்தருகே வந்து, ஷோபனா விட்ட பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் அம்சத்தின் குரல் தனியாகக் கேட்டது. பெற்றவள் அந்தப் பக்கம் “நெல்லை எடு” என்று கத்த, மகள் இந்தப் பக்கம் “கபடி கபடி” என்று பாடிப் போனாள். வெறி பிடித்தவள்போல் ஆடினாள். தொட்டாள், உதறினாள், மண்ணில் விழுந்து ஊர்ந்து கோட்டைத் தொட்டாள். ஒரே ஒரு பாயிண்டில் வலங்கைமான் ஜெயித்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான்.

கோப்பை கொடுக்க ஒன்றியச் செயலாளர் ரெங்கசாமி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“வெளையாட்டுல அரசியலைக் கலக்கக் கூடாதுன்னு காட்டிட்டா பாருங்க இந்தப் பொண்ணு! வெவசாயி வீட்டுப் பொண்ணு, அவளே ஒரு கொறையும் சொல்லலை. அப்ப கத்துறவங்க யாரு? எல்லாம் எதிர்க்கட்சிக்காரன் தூண்டிவிட்ட ஆளுங்க!”

சொல்லிக்கொண்டே கட்சிக் கரை போட்ட துண்டை அவள் தோளில் போர்த்தினார். கேமராக்கள் மின்னின. செம்மொழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விரலகல ரிப்பன் வேண்டாம் என்றவள் தோளில் இப்போது இரண்டு முழத் துண்டு! என் அம்மாவா தூண்டிவிட்ட ஆள்? அவள் வெள்ளைத் தொப்பிக்காரரைப் பார்த்தாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

செம்மொழி துண்டை எடுத்தாள். மரியாதையாக மடித்து ரெங்கசாமியின் கையிலேயே வைத்தாள்.

“நான் கொறை சொல்லலைன்னு நீங்க சொல்லாதீங்கய்யா. ரோட்டுல மொளைச்சுக் கெடக்குறது எங்க நெல்லு. கத்துறது எங்க அம்மா. அரசியல் வேணாம்னுதான் நான் ரிப்பன்கூட கட்டலை. அப்புறம் இது எதுக்குங்க எனக்கு?”

மைக் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கி வழியாக அது ரோடு வரைக்கும் கேட்டது. களத்தருகே எழுந்த சத்தத்தில் அம்சத்தின் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை.

வெள்ளைத் தொப்பிக்காரர் எழுந்து தன் காரை நோக்கி நடந்தார். செம்மொழி அவரைக் கூப்பிடவில்லை.