பெயர் கேட்காத பலகை

2008 ஜூலையில் நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்த நாளில், அடுகோடி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் எதுவும் வெடிக்கவில்லை. வெடித்துவிட்டது என்ற வதந்திதான் வந்தது. சந்துக்கு ஒரே வாசல். மறுமுனையைக் கிடங்குச் சுவர் ஒன்று அடைத்திருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடி வாசலில் சிக்கிக்கொண்டோம். டிபன் வண்டி போடும் ரஞ்சிதத்தின் தங்கை யாமினிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கடைசி வீட்டில் முக்கால் மணி நேரம் தனியாகக் கிடந்தாள்.

அடுத்த மாதம், குண்டு ஆபத்து அதிகமுள்ள இடங்களுக்கு முன்னேற்பாட்டு நிதி வரப்போவதாகவும், எங்கள் வட்டாரத்தில் ஓர் இடத்துக்குத்தான் கிடைக்கும் என்றும் தெரிந்தது. மெயின் ரோட்டு மால் கம்ப்யூட்டரில் வரைபடமெல்லாம் போட்டுக் கேட்டிருந்தது. எங்கள் மனுவை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் தங்கவயல் பள்ளியில் படித்தவன். பொருள், பார்வை, இணைப்பு என்று வரிசை தப்பாமல் எழுதுவேன். மற்றதெல்லாம் எழுதி முடித்தேன். இணைப்பாக வசிப்பவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும். யாரும் பெயர் தரவில்லை.

“தொண்ணூத்தி ஒண்ணுல தலைவரு குண்டுல செத்தப்போ போலீசு இப்டித்தான் தமிழாளுங்க பேர எழுதிக்கினு போனாங்க,” என்றாள் ரஞ்சிதம். “எங்கப்பா மூணு நாளு ஸ்டேஷன் வாசல்ல நின்னாரு. மேல டெரரிஸ்ட்டுனு எழுதி, கீழ எங்க பேர எழுதுவியா ரைட்டரே?”

“உன் தங்கச்சிக்காகத்தாம்மா கேக்கறேன்.”

“அவளுக்காகத்தான் உன்ன உக்கார வெச்சுப் பேசறேன். இல்லன்னா வேற மாதிரி பேசியிருப்பேன்.”

ஜெயவேலு இட்லி தின்றுகொண்டிருந்தார். தங்கவயல் சுரங்கம் மூடிய பிறகு இங்கே வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர். “சுரங்கத்துல பேரா கேட்டான்? டோக்கன் நம்பர்தான். ஆணியிலேர்ந்து எடுத்துக்கினு எறங்குவோம், மேல வந்து மாட்டுவோம். ஆணி காலின்னா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். குண்டு என்னா, பேரு கேட்டா வெடிக்குது?”

சோடா மூடிகளைத் தட்டித் தட்டையாக்கினோம். துளை போட்டு, வாசலிலிருந்து வீட்டு வரிசைப்படி ஆளுக்கொரு எண் எழுதிக் கொடுத்தோம். சந்து வாசலில் பலகை. அதில் நானூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். வெளியே போகிறவர் மாட்ட வேண்டும், திரும்புகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மனுவில் இப்படி எழுதினேன்: ‘பெயர்ப்பட்டியல் இல்லை. நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம்.’

மனுவைப் பார்த்து, ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிதி அதிகாரி சேஷகிரி வந்தார். “ஏன்ரீ இது, என்னாது, சோடா மூடியா?” என்று சிரித்தார். பேசிவைத்தபடி ஜெயவேலு விசில் ஊதினார்.

ஒருவரும் ஓடவில்லை. வீட்டு வரிசைப்படி வந்தார்கள், மாட்டினார்கள், வெளியேறினார்கள். தகரம் ஆணியில் படும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. எட்டு நிமிடம். பிறகு பலகையைப் பார்த்தோம். பத்தொன்பது ஆணிகள் காலி.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சந்தில் இருக்கிறேன். பென்ஷனுக்கும் ரேஷனுக்கும் எத்தனையோ வீட்டுக்கு மனு எழுதியிருக்கிறேன். தானாக எழுந்து வெளியே வர முடியாதவர்கள் இங்கே பத்தொன்பது பேர் என்பது எனக்குத் தெரியாது. யாமினி ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“கடைசி நம்பர் எங்க?” என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் உள்ளே நடந்தார். ஜெயவேலுவும் ரஞ்சிதமும் நானும் பின்னாலேயே போனோம்.

“நானூத்தி பன்னெண்டு, உள்ள இருக்கேன் சார்,” என்றது யாமினியின் குரல்.

கதவைக் கழற்றி, அந்தப் பலகையில் அவளைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்தோம். ஒரு மூலையை சேஷகிரி பிடித்தார். சந்துத் திருப்பத்தில் பலகை மடங்காது. சாய்த்து, நிமிர்த்தி, சுவரில் முழங்கை தேய வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“மொதலு ஆ கோடெ ஒடீபேக்கு,” என்றார் கன்னடத்தில். முதலில் அந்தச் சுவரை உடைக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினார். “மால் அப்புறம் பாத்துக்கலாம். உங்க சந்து பேர நான் எழுதறேன்.”

“இன்னும் பதினெட்டு பேரு இருக்காங்க சார்,” என்றார் ஜெயவேலு.

சேஷகிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.