கெட்ட சேதிக்கு ஒத்திகை

எந்தக் குழாயைத் திறந்தாலும் வீடு மூழ்கிவிடும் என்று நம்புகிற பிளம்பர் அவர். மனைவியின் கழுத்துக் கட்டிக்குப் பரிசோதனை முடிவு வருமுன்பே, இனி எல்லாம் தன் தலையில்தான் என்று முடிவுகட்டி, மருத்துவமனை வராந்தாவிலேயே மகளுக்கு ஜடை பின்னப் பழகினார்.

"அப்பா, அது முடி, குழாய் இல்ல. திருகாதீங்க!"

"பொறுத்துக்கம்மா. இனிமே நான்தானே பின்னணும்."

டாக்டரைப் பார்த்துவிட்டு மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். "வெறும் கொழுப்புக் கட்டியாம்! நான்தான் ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேனே?"

கெட்ட சேதிக்கு ஒத்திகை பார்த்தவர், நல்ல சேதிக்கு ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. சீப்பும் கையுமாக விம்மினார்.

அவர் கண்ணைத் துடைத்துவிட்ட மனைவி, மகளின் தலையைப் பார்த்தாள்.

"ஐயோ! இதுக்காகவே நான் நூறு வருஷம் இருந்தாகணும் போலிருக்கே."